சனிக்கிழமை மூன்று மணி டிரங்க் கால்

போன மாதம் என் சாட்டிலைட் டிவி கணக்கில் நான் பார்க்காத நான்கு படங்களுக்குப் பணம் பிடித்திருந்தார்கள். தனியாகக் காசு கட்டிப் பார்க்கிற புதுப்படங்கள். மூன்று சண்டைப் படம், ஒன்று பேய்ப் படம். அரசாங்கத் தணிக்கையில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து, அடுத்தவர் கணக்கில் சிவப்பு மையால் கோடு போட்டே ஓய்வு பெற்ற ஒருத்திக்கு இப்படி ஒரு கணக்கை அனுப்பியது அவர்களுடைய துரதிர்ஷ்டம். புகார் எண் வாங்கினேன். கெடு முடிந்த மறுநாள் மேல்முறையீடு. அதற்குப் பதில் வராததால் நினைவூட்டல், பழைய கடிதங்களின் நகலோடு. கடைசியில் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் அவர்கள் ஆபீசின் ஏதோ ஒரு மாடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், வீட்டில வேற ஆராவது ரிமோட் எடுத்திருக்குமோ? பேரக்குட்டியோ, வேலைக்கு நிக்கிற ஆளோ?"

"யாரும் இல்லை. நான் ஒருத்திதான்."

"அப்போ அதை மட்டும் ஒண்ணு எழுதி அனுப்பணும் மேடம். வீட்டில் வேறு யாரும் இல்லைன்னு."

எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த ஒற்றை வரியை எழுத எனக்கு அரை நாள் ஆயிற்று. கிட்டத்தட்ட அதே வரி எழுதிய ஒரு தாளை என் ஒன்பதாவது வயதில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு பில் தகராறுதான்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரம் வலியசாலையில் இருந்தோம். எட்டு வருடம் வரிசையில் காத்திருந்து, நடுவில் இரண்டு முறை வரிசை நகராத காரணத்தைக் கேட்டு எழுதி, அப்பா ஒரு ஃபோன் வாங்கினார். அந்தக் கறுப்புக் கருவி கூடத்து மூலையில் ஒரு முக்காலி மேல், பூப்போட்ட துணி மூடி உட்கார்ந்திருந்தது. தெருவில் நாலாவது ஃபோன். அது அடித்தால் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பார்.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் தங்கை. முந்தின வருடம் ஒரு பெட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டுமாக வடக்கேயிருந்து ரயிலில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று குழந்தைகள் கேட்கக் கூடாது, நான் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவளைக் குட்டி என்றார்கள். அவளுக்கு வைத்த பெயர் அவள் அம்மாவுடைய மாமியாரின் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அந்தப் பெயர் வீட்டில் புழங்காமலே போய், முப்பது வயதிலும் அவள் குட்டியாகவே இருந்தாள். எனக்கு வெறும் அத்தை. அவளுக்கு வேறொரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி கிடையாது. அப்பாவுக்கு ஆபீஸ் உண்டு. அம்மா சாப்பாடானதும் உள் அறையில் போய்ப் படுத்துத் தூங்குவாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அத்தை முக்காலியருகே வந்து துணியை மடித்து வைத்துவிட்டு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவாள். ஓர் எண்ணைச் சொல்வாள், ஒரு பெயரைச் சொல்வாள், பிறகு "பி.பி." என்பாள்.

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். வெளியூருக்கு டிரங்க் கால் பேச எக்ஸ்சேஞ்சில் சொல்லி வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பி.பி. என்றால் குறிப்பிட்ட ஓர் ஆளோடு மட்டுமே பேச வேண்டும் என்று அர்த்தம். அந்த ஆள் மறுமுனையில் இருந்தால் இணைப்பு தருவார்கள், முழுக் கட்டணம். இல்லையென்றால் விசாரித்துச் சொன்னதற்கு ஒரு சிறு தொகை, அவ்வளவுதான். அரசாங்கத்தின் விதிமுறைகளில் மனிதாபிமானமுள்ளது என்று நான் ஒப்புக்கொள்ளும் மிகச் சிலவற்றில் இது ஒன்று.

மூன்று மணிக்கு ஃபோன் அடிக்கும். அத்தை என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, ரிசீவரை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் வைத்துக்கொள்வாள். பேசும் பக்கத்தை உள்ளங்கையால் பொத்திவிடுவாள். இரைச்சலுக்கு அப்பால் எங்கோ ஒரு மணி அடிக்கும். முதல் மணி முடிவதற்குள் யாரோ எடுப்பார்கள். ஒரு சிறுமியின் குரல். ஆபரேட்டர் ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்.

"நாட் ஹியர்."

எப்போது வருவார்கள் என்று கேட்பார் ஆபரேட்டர். அதுவும் விதிமுறைதான்.

"நெக்ஸ்ட் சாட்டர்டே."

பிறகு எங்கள் ஊர் ஆபரேட்டர், எங்களுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது என்ற நம்பிக்கையில், "பார்ட்டி இல்ல கேட்டோ. அடுத்த சனியாழ்ச்ச கூப்பிடச் சொன்னாங்க" என்று அறிவிப்பார். அத்தை ரிசீவரை உடனே வைக்க மாட்டாள். இரைச்சலும் ஓய்ந்த பிறகுதான் வைப்பாள். அன்று சாயங்காலம் என் தலையைப் பின்னி, சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடி பின்னுவாள்.

எனக்கு அது பெரிய வேடிக்கை. "என்ன அத்தை, ஒரு நாள்கூட அவ ஆத்துல இருக்கமாட்டாளா?" என்று கேட்டேன்.

"ஊர்சுத்திடி அவ" என்றாள் அத்தை. "கால் ஒரு இடத்துல நிக்காது."

யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொன்னதில்லை. ஆனாலும் நான் சொல்லவில்லை.

அடுத்த பில் வந்தது. அப்பா பில்லைப் படிப்பது மற்றவர்கள் பஞ்சாங்கம் படிப்பதுபோல. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"டிரங்க் சார்ஜ் எட்டு என்ட்ரி போட்டிருக்கான். நம்மாத்துலேர்ந்து ஆரு டிரங்க் கால் போட்டா?"

பில்லில் ஊர் பெயர் இல்லை. தேதி, பி.பி. என்ற இரண்டெழுத்து, தொகை. அப்பா ஒவ்வொருவராகக் கேட்டார். அம்மா இல்லை என்றாள். நான் இல்லை என்றேன், போட்டது நானில்லையே. அத்தை மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஃபோன் பண்ண ஆரு இருக்கா அண்ணா?" என்றாள்.

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஃபோன் அடித்தால்கூட எழுந்து வராத தங்கை.

"போனாப் போறது. சின்னத் தொகைதானே, கட்டித் தொலைச்சுடுங்கோளேன்" என்றாள் அம்மா. வழக்கமாக அம்மா இந்த விஷயங்களில் வாயைத் திறப்பதில்லை.

"தொகை இல்லைடி காரியம். கேக்காம விட்டா ஒத்துண்ட மாதிரி ஆயிடும்."

அப்பா எழுதினார். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. மூன்று வாரத்தில் நினைவூட்டல். பிறகு மேலதிகாரிக்கு ஒன்று, கீழதிகாரிக்கு நகல். நகலெடுக்கும் கார்பன் தாளை நான்தான் பிடித்துக்கொள்வேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அந்தக் கடிதங்கள்தான். அத்தை அந்தச் சமயத்தில் சனிக்கிழமைகளை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டெலிஃபோன் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். பருமனான, வியர்த்த, நல்ல மனிதர். கேரியர் வைத்த சைக்கிளிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"சாரே, நாலு கடிதம். எங்க ஆபீஸில சாருக்கு மட்டும் தனியா ஒரு ஃபைல் திறந்தாச்சு."

"அஞ்சு. ஒண்ணு கிடைக்கலை போலிருக்கு" என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "மோளே, இங்கே ஆராவது டிரங்க் கால் போட்டோ?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கோப்பிலிருந்து எட்டு சிறு சீட்டுகளை எடுத்துச் சீட்டாட்டம்போல் விரித்தார்.

"பாம்பே. எட்டும் ஒரே நம்பர். எட்டும் ஒரே ஆளைத்தான் கேட்டிருக்கு." அவர் அந்தப் பெயரை வாசித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கேட்ட பெயர். "இப்படி ஒரு ஸ்த்ரீயைச் சாருக்கு அறியுமோ?"

அப்பா ஒரு சீட்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். அத்தை காபியோடு கூடத்துக்குள் வந்து, அந்தப் பெயரைக் கேட்டு, நின்ற இடத்தில் நின்றாள்.

அப்பா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை இன்ஸ்பெக்டர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். "நம்பருள்ள வீட்டிலும் விசாரிச்சாச்சு சாரே. தர்க்கம்னு வந்தா ரெண்டு பக்கமும் கேக்கணும், அதாணு ரூல். அங்கே வீட்டுக்காரரே எழுதித் தந்தாச்சு." ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். நீல மையில் நல்ல கையெழுத்து. நான்கு நாளுக்கு முந்தின தேதி. இந்தப் பெயரில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, கீழே கையொப்பம்.

"சாரும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் கையெழுத்திட்டா மதி, அது போதும். ரெண்டு பக்கமும் ஆள் இல்லை. அப்போ சார்ஜைத் தள்ளிவிடலாம். கேஸ் சார் ஜெயிச்சு."

அப்பா ஜெயித்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. பேனாவை நானே எடுத்து நீட்டினேன். அப்பா வாங்கிக்கொண்டார். அந்த நீல மை வரியை இரண்டு முறை படித்தார். அத்தையைப் பார்க்கவில்லை. 

பேனாவை மூடினார்.

"இந்தப் பேர்ல இந்தாத்துல ஒருத்தி இருக்கா" என்றார். "என் தங்கை."

"ஐயோ, பின்னே எதுக்கு சாரே இந்தக் கம்ப்ளைன்ட் எல்லாம்?"

"எனக்குத் தெரியாமப் போச்சு. வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஜெயிச்ச கேஸாக்கும் சாரே!"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தோற்றதற்காக இல்லை. அந்த ஊர்சுத்தி அத்தையேதான் என்று தெரிந்ததற்காக. திருவனந்தபுரத்தில் முக்காலி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பம்பாயில் தன்னையே தேடியிருக்கிறாள்! இங்கே இருக்கிறவள் அங்கே எப்படி இருப்பாள்? அம்மா உள்ளேயிருந்து வந்து என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்பா பில்லை முழுதாகக் கட்டினார். அவர் தோற்ற ஒரே வழக்கு அதுதான். இன்ஸ்பெக்டரைக் கண்டு பயந்துவிட்டார் என்று ஒரு வாரம் எனக்கு அவர்மேல் கோபம்.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீசுக்குக் கிளம்பிய அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"மத்தியானம் வேணும்னா போட்டுக்கோ குட்டி. பில் வந்தா நான் பாத்துக்கறேன்."

"கேட்டாச்சே அண்ணா" என்றாள் அத்தை. "பதில்தான் எழுத்துலயே வந்துடுத்தே."

அதற்குப் பிறகு அவள் அந்த எண்ணைக் கேட்கவே இல்லை.

மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்தது அத்தை காலமான பிறகு, அம்மா சொல்லி. அத்தையும் அவள் புருஷனும் பிரிந்தபோது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்களாம். பெண் குழந்தை தன் அப்பாவிடம் பம்பாயிலேயே இருக்கும்; தாய் போய்ப் பார்க்கக் கூடாது, கடிதம் போடக் கூடாது, பேசக் கூடாது. அத்தை பார்க்கவில்லை, எழுதவில்லை, பேசவில்லை. தன்னைத் தானே விசாரிக்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் விதிகளை மிக நன்றாகப் படித்தவள் அவள்தான் என்று இப்போது நினைக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பெண் வீட்டில் தனியாக இருப்பாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது, எங்கள் புகாரின் நகல் பம்பாய்க்குப் போய்ச் சேரும் வரையில். இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும் என்ற அந்த விதி நல்ல விதிதான். உத்தியோக காலத்தில் நானும் எத்தனையோ முறை அதைப் பிரயோகித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அத்தை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா படுத்திருந்தாள். நான் கூடத்தில் ஃபோனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நல்ல விளையாட்டு நின்றுபோன எரிச்சல் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை. எண் எனக்கு மனப்பாடம். பெயரும் தெரியும். பி.பி. என்று எப்போது சொல்ல வேண்டும் என்றும் தெரியும். ஒன்பது வயதில் ஒரு டிரங்க் கால் போடும் நடைமுறை முழுவதும் எனக்கு அத்துபடி. அப்பாவும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

முந்தின வாரமும் அந்தச் சிறுமி 'நெக்ஸ்ட் சாட்டர்டே' என்றுதான் சொல்லியிருந்தாள். இனி ஃபோன் வராது என்று அவளிடம் வீட்டில் யாராவது சொன்னார்களோ இல்லையோ. அது ஆபரேட்டருக்குச் சொல்கிற பதில் என்று நினைத்து, நான் எழுந்து தெருவுக்கு விளையாடப் போய்விட்டேன்.