நிலவுக்குப் போகும் பாட்டும் மேடு ஏறாத காரும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்பவன் ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து, உயிரைக் கையிலும் பிரேக்கைக் காலிலும் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவன். கார் பழகும் மனைவிக்கோ மச்சானுக்கோ பக்கத்தில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தவர்கள்கூட எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் மனம் விட்டுப் பேசலாம். மைசூரில் இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என்னை உரசிய பஸ்களைப் பற்றியும் நான் உரசாமல் காப்பாற்றிய மாடுகளைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் இப்போது சொல்லப்போவது ஒரு பாட்டைப் பற்றி.

வாயை மூடாத கார்

எங்கள் ஸ்கூல் கார் பழைய வெள்ளைக் கார். கேசட் போடும் டேப் உள்ள காலத்து வண்டி. அந்த டேப்புக்குள் ஒரு கேசட் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. யாரோ ஒரு புண்ணியவான் கேசட்டின் இரண்டு பக்கமும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பாட்டு அது. சினிமாப் பாட்டுகூட இல்லை. யாரோ நாலு பேர் கிட்டாரும் கையுமாகச் சேர்ந்து போட்டது. பூமியில் ஆட இடம் போதவில்லை, நிலவுக்கு வா என்று ஒருத்தன் காதலியைக் கூப்பிடுவான். பின்னால் மின்சார மேளம் 'பியூ... பியூ...' என்று சுடும். நாலு வரிக்கு ஒரு தடவை ஒரு பெண் 'ஹா...' என்று நீளமாக மூச்சு விடுவாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

சாவியைத் திருப்பினால் பாட்டு வரும், இன்ஜினை நிறுத்தினால்தான் நிற்கும். சத்தத்தைக் குறைக்கும் திருகு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. பழகும் பயத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது எதுவும் காதில் விழாது. பியூ பியூதான் விழும். இதைப் பிடுங்கிப் போடுங்கள் என்று ஓனர் மாதேஷிடம் மன்றாடினேன். மாதேஷ் கன்னடக்காரர், என்னிடம் பேசுவதற்காகவே கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டவர். அந்த டேப்பின் ஒயரோடு ஹாரன் ஒயரையும் எவனோ சேர்த்துப் பின்னி வைத்திருக்கிறான், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போய்விடும் என்று விளக்கினார். கடைசியாக, 'வேண்டாம்' என்பதற்கு மட்டும் கன்னடத்தைப் போட்டுச் சொன்னார்: "பாட்டு பேடான்னா ஹாரனும் பேடா. எது வேணும், நீங்களே சொல்லி."

புஷ்பாம்மாவின் இடது கால்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரர் புஷ்பாம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர் வீட்டுக்காரர் முருகேசன் குண்டலுபேட்டையிலிருந்து மைசூர் மார்க்கெட்டுக்குச் செண்டுமல்லி ஏற்றிவரும் சின்ன வேன் வைத்திருந்தார். சர்க்கரை வியாதியில் பார்வை மங்கி, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனை வாங்க ஓர் ஆள் வந்து டயரையெல்லாம் உதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். "நான் லைசென்ஸ் எடுக்கற வரைக்கும் விக்கக் கூடாது" என்று புஷ்பாம்மா குறுக்கே நின்றார். ஆனால் டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவதும் போனால் வேனைக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேச்சு.

சமதளத்தில் அருமையாக ஓட்டுவார். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னால் மட்டும் இன்ஜின் அணைந்துவிடும். கிளட்சைத் திடீரென்று விட்டுவிடுவார். மெதுவாக, மெதுவாக என்று நான் கத்தக் கத்த இன்னும் வேகமாக விடுவார். ஒருநாள் சாமுண்டி மலை ரோட்டில் பதினோரு தடவை அணைந்தது. பன்னிரண்டாவது தடவை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கார் வெண்ணெய்போல வழுக்கி மேலே ஏறியது. எப்படிம்மா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள மூச்சு உடறப்ப நானும் காலை உட்டனுங்கண்ணா. கூடவே முடிச்சனுங்க. வண்டி போயிருச்சுங்க."

யானைக்கு வழி

அன்றிலிருந்து புஷ்பாம்மாவுக்குக் கிளட்ச் பிரச்சினையே இல்லை. எனக்குத்தான் கௌரவப் பிரச்சினை. நான் கத்தியது வீண், அந்த 'ஹா' பலித்தது. சரி, வேன் தப்பித்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தசராவுக்கு முன்னால் எங்கள் ஊரில் அரண்மனை ஊர்வல யானைகளை ரோட்டில் நடத்தியும் பீரங்கி வெடித்தும் பழக்குவார்கள். ஒருநாள் காலை நாங்கள் ஒரு திருப்பத்தில் திரும்பினோம், எதிரே வரிசையாக யானைகள். போலீஸ்காரர் காரை ஓரங்கட்டச் சொன்னார். ஓரங்கட்டியாயிற்று. புஷ்பாம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். சாவி அவருக்கு அந்தப் பக்கம், எனக்கு எட்டவில்லை. கார் மட்டும் யானைகளை நிலவுக்கு வா, நிலவுக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. முன்னால் வந்த யானை எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்றுவிட்டது. மேலே இருந்த மாவுத்தர் குனிந்து காருக்குள் பார்த்தார். கன்னடத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பீரங்கி வெடிச்சாலும் இது நிக்காது சாமி. உங்க பாட்டுக்கு நின்னு காதை ஆட்டுது. இன்னொரு தடவை போடாதீங்க, அப்புறம் அரண்மனைக்கு வராது."

வீட்டில் பிடிபட்டேன்

அந்தப் பாட்டு ஜெயித்த கதையை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தால், என் மனைவி கமலா கையில் தோசைக் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்ன என்றேன். முகத்தில் ஒரு சிரிப்பு. ஒன்பது வருஷமாகத் தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்தப் பாட்டை நான் திட்டக் கேட்டவள் அவள். இப்போது சொன்னாள்: "பாத்ரூம்ல அவன் பாடறதைப் பாடினா சரி. நடுவுல அந்தப் பொண்ணு விடற மூச்சையும் நீங்களேவா விடணும்?"

மௌனம்

எது நடக்கவேண்டும் என்று ஒன்பது வருஷம் வேண்டினேனோ அது புஷ்பாம்மாவின் டெஸ்டுக்கு நாலு நாள் முன்னால் நடந்தது. மாதேஷுக்குக் கெட்டிக்கார எலக்ட்ரீஷியன் ஒருவர் கிடைத்துவிட்டார். டேப்பைப் பிடுங்கி, ஹாரனுக்குத் தனி ஒயர் போட்டு, கேசட்டை என் கையில் கொடுத்தார். நாடா முழுக்க வெளியே வந்து நூல்கண்டுபோலச் சிக்கியிருந்தது. குப்பையில் போடப்போனவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

புஷ்பாம்மா வந்து உட்கார்ந்தார். மலை ரோட்டில் வண்டி அணைந்தது. மறுபடி அணைந்தது. நாலு நாளும் அணைந்துகொண்டேதான் இருந்தது. மாதேஷிடம் போய், பழைய டேப்பைத் திரும்ப மாட்டுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "ஒம்பது வருஷம் அதை எடுங்கன்னு அழுதீங்க. இப்ப வைங்கன்னு அழறீங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

டெஸ்ட்

இன்ஸ்பெக்டர் ரொம்பக் கறார். அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். "நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். புஷ்பாம்மா எட்டுப் போட்டார், ரிவர்ஸ் எடுத்தார், எல்லாம் சுத்தம். கடைசியில் மேடு. நிறுத்தி எடுத்தார். அணைந்தது. "இன்னும் ஒரு சான்ஸ்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். கண்ணாடியில் புஷ்பாம்மாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் வேனை விற்றே ஆகிவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது. பாடினேன். நிலவு, பியூ பியூ, எல்லாம். மூச்சு விடும் இடம் வருவதற்குள் இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். "இறங்குங்க" என்றார். இறங்கினேன். "அந்த வேலிக்கு அந்தப் பக்கம் போங்க" என்றார். போனேன். ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பாடியே கெடுத்துவிட்டேன் என்று வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காரின் ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. சுருதி இல்லை, வெட்கமும் இல்லை. புஷ்பாம்மா முழுத் தொண்டையில் நிலவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பியூ பியூவை அவரே சுட்டார். 'ஹா...' என்று ஒரு மூச்சு, ராமாபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மேட்டில் ஏறிப்போய் உச்சியில் நின்றது. இன்ஸ்பெக்டர் காதைத் தேய்த்துக்கொண்டே இறங்கி என் பக்கம் வந்தார்: "அந்தம்மா பாஸ். அவங்களே ஏத்திட்டாங்க, நீங்க பாடியே இருக்க வேண்டாம்."

மார்க்கெட் வாசலில்

வேன் விற்கப்படவில்லை. போன வாரம் மார்க்கெட் வாசலில் பார்த்தேன். செண்டுமல்லி மூட்டைகளுக்கு முன்னால் புஷ்பாம்மா ஸ்டியரிங்கில், முருகேசன் பக்கத்துச் சீட்டில். என்ன முருகேசன், வீட்டம்மா எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். குரல் வந்த திசையில் என்னைத் தேடிப் பிடித்து, மனைவிக்குக் கேட்காதபடி சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டுறாளுங்க. மேடு வந்தா மட்டும் நான் பேசப்படாது, அவ பாடி முடிக்கோணும். இப்பெல்லாம் மேடு எப்ப வரும்னு இருக்குதுங்க எனக்கு."

ஒரு பாட்டைப் பிடித்துப்போக எனக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. அதை முணுமுணுக்காமல் ஒரு மேட்டில் வண்டி எடுக்க இன்னும் எத்தனை வருஷம் பிடிக்குமோ தெரியவில்லை.