எட்டு நாள் சிக்னல் இல்லை

பவுனின் போன் அவளோடு குளியலறைக்குள்ளும் போகும். பால் பாக்கெட் உறையைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் போனைப் போட்டு முக்காலிமேல் வைத்துவிட்டுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். பாதிக் குளியலில் அது அடிக்கும். அடிக்காத நாள் கிடையாது. சோப்பு நுரையோடு ஒரு காதைத் துடைத்துக்கொண்டு, "ஹாங் சார், போலா" என்று மராத்தியில் ஆரம்பிப்பாள். இருபத்தொன்பது வருஷமாக அவள் பிழைப்பு இதுதான். ஊரார் உலகம் சுற்றுவார்கள், இவள் ஃபாரம் நிரப்புவாள்.

புனேயில் டெக்கன் பக்கம் மாடியில் ஒரு டூர்ஸ் ஆபீஸ். அங்கே விசா செக்‌ஷன் என்றால் பவுன்தான். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்குப் பிறந்து, அங்கேயே வேலை பார்த்த இருதயராஜுக்கு வாழ்க்கைப்பட்டு, லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் வரைக்கும் போய்த் திரும்பியே ஐம்பத்து மூன்று வயதைத் தொட்டவள். ஆனால் எந்த நாட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் போட்டோ, எவனுக்குக் காது தெரியவேண்டும், எவனுக்குப் பல் தெரியக்கூடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. இரண்டு தடவை புதுப்பித்தாயிற்று. ஒரு முத்திரை விழவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் முதலாளி ஆப்தே கூப்பிட்டார். வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு என்று ஒரு தீவுக்கூட்டம், நார்வேக்காரனுடையது. ஜூலையில் அங்கே சின்னக் கப்பலில் எட்டு நாள் சுற்று. பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், அதில் பன்னிரண்டு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கூடப் போகவேண்டிய டூர் மேனேஜர் பெண் வேலையை விட்டுவிட்டாள்.

"பவுன்தாயி, நீங்களே போங்க. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யாருக்கு வெங்காயம் ஆகாதுன்னு உங்களுக்குத்தானே அத்துப்படி?" என்றார் ஆப்தே மராத்தியில். தாயி என்றால் அங்கே அக்கா.

பவுன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்க போன் எடுக்குமா சார்?"

"துறைமுகத்தைத் தாண்டினா சிக்னலே கிடையாது. அவசரம்னா கேப்டன்கிட்ட ஒரு சாட்டிலைட் போன் இருக்கும், அவ்வளவுதான்."

பவுனுக்கு ஆசை அங்கேதான் முளைத்தது. பனிமலைக்கோ கரடிக்கோ அணையாத சூரியனுக்கோ இல்லை. எட்டு நாள் போன் அடிக்காது. எட்டு நாள்! மூச்சிரைப்புக்காரர் இருதயராஜ், "பவுனு, என் பம்பு எங்க வச்ச?" என்று கேட்கமாட்டார். ஊரின் மறுகோடியில், கராடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் தீபா, கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில் என்று கேட்கமாட்டாள். போன ஞாயிறு பூசைக்கு ஏன் வரவில்லை என்று நாத்தனார் குடையமாட்டாள். பயணிகள் கூடவே வருவார்கள், அது வேறு சங்கதி. நேரில் கேட்கிறவனுக்கு ஒரு தடவை பதில் சொன்னால் போதும், முகத்தைப் பார்த்தாவது விட்டுவிடுவான். போனில் கேட்கிறவனுக்கு ஈவிரக்கம் கிடையாது.

அதிலும் குல்கர்ணி! அந்தப் பதினாறு பேரில் ஒருவர், சதாசிவ் பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர். நாளைக்கு ஒன்பது தடவை கூப்பிடுவார். "தாயி, அங்க சூரியன் மறையாதுங்கறீங்களே, என் ராத்திரி மாத்திரையை எப்ப போடறது?" பவுன் யோசித்து வழி சொன்னாள். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், ஒன்றில் புனே நேரம் ஓடட்டும், அதில் எட்டு அடித்தால் மாத்திரை. மனுஷன் சந்தோஷமாகப் போனை வைத்தார். பத்து நிமிஷத்தில் மறுபடி அடித்தது. "எட்டுன்னா, காலை எட்டா, ராத்திரி எட்டா?" இருபத்துநாலு மணிக் கடிகாரம் வாங்கச் சொன்னாள். மத்தியானம் இன்னொரு சந்தேகம் வந்தது. கரையில் இறங்கும்போது பையில் பாக்கர்வடிப் பலகாரம் இருந்தால் அந்த வாசத்துக்குக் கரடி வருமா?

இது போகப் பதினாறு ஜோடி ரப்பர் பூட்ஸுக்கு அளவு எடுக்கவேண்டும். டாக்டர் சீட்டு வாங்கவேண்டும். ஆபத்து என்றால் ஹெலிகாப்டரில் தூக்கி வருவதற்குத் தனி இன்சூரன்ஸ். கப்பலிலிருந்து ரப்பர் படகில் கால் வைத்து இறங்க முட்டி மடங்கவேண்டும் என்று கப்பல்காரன் எழுதியிருந்தான். பவுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேரையும் வரவழைத்து, மாடிப்படித் திருப்பத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கச் சொன்னாள். ஸ்டூலை இரண்டு மணிநேரம் பிடித்துக்கொண்டிருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சுடுதண்ணீர்ப் பையோடு படுத்தாள். போன் அடித்தது.

இந்த விசாவில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்வால்பார்டு நார்வேக்குச் சொந்தமானாலும் ஐரோப்பா விசாவின் எல்லைக்குள் வராது. ஓஸ்லோவில் இறங்கினால் ஒரு நுழைவு. அங்கிருந்து தீவுக்குப் போனால் எல்லையை விட்டு வெளியே போனதாகக் கணக்கு. ஊர் திரும்ப ஓஸ்லோவுக்கு வந்தால் அது இரண்டாம் நுழைவு. ஒற்றை நுழைவு விசா வாங்கினவன் போகலாம், திரும்பி வர முடியாது. ஆபீஸ் போர்டில் பவுன் இதைச் சிவப்பு மையில் எழுதிப்போட்டாள். "எல்லாருக்கும் டபுள் என்ட்ரி. மறந்தால் தொலைந்தோம்."

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். நிரப்பினவர் சரிபார்க்கக்கூடாது, இன்னொருவர்தான் பார்க்கவேண்டும். பவுன் நிரப்பினதை வைஷு பார்ப்பாள். பத்து வருஷமாகப் பக்கத்து நாற்காலிக்காரி, இரண்டு பிள்ளைக்குத் தாய். ஆபீஸ்காரர் ஃபாரம் எப்போதும் கடைசியில்தான். பதினாறையும் நிரப்பி, வைஷு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து முடித்தபோது மே மாதம் பிறந்துவிட்டது.

பதினேழாவதை, தன்னுடையதை, பவுன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினாள். இருதயராஜுக்கு அன்று மூச்சு முட்டி, உள்ளே ஆவி பிடிக்க வைத்திருந்தார்கள். மடியில் கைப்பை, கைப்பைமேல் ஃபாரம். எத்தனை நுழைவு என்ற கட்டத்துக்கு வந்தபோது போன் அடித்தது. குல்கர்ணி. புனே கடிகாரம் இடது கையிலா வலது கையிலா? இடது கையில் கட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். வருஷா வருஷம் பாரிஸுக்கும் சுவிஸுக்கும் போகிற கூட்டத்துக்கு டிக் போட்டுப் பழகின கை, பழகின கட்டத்திலேயே போட்டது. சிங்கிள்.

மறுநாள் வைஷு அதை வாங்கி, மேலே பெயரைப் பார்த்தாள், அடியில் கையெழுத்துப் போட்டாள். பவுனக்கா ஃபாரத்தில் பிழை பார்ப்பதா? அது மரியாதையில்லை என்று நினைத்தாள், பாவம்.

இதற்குள் கட்கி முழுக்கச் சேதி பரவியிருந்தது. ஞாயிறு பூசையில், வடதுருவம் போகும் நம் சகோதரி பவுனுக்காக மன்றாடுவோம் என்று ஃபாதரே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு ஷபானா தன் கொழுந்தனாரின் மிலிட்டரி ஜெர்கினைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கரடியைப் பற்றி விசாரித்தார்கள்.

ஜூன் நடுவில் பாஸ்போர்ட்டுகள் வந்தன. பவுன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு, இரண்டு, இரண்டு. பதினாறிலும் இரண்டு. கடைசியில் தன்னுடையதைப் பிரித்தாள். முதல் முதலாக அதில் ஒரு ஸ்டிக்கர், அவள் முகத்தோடு. நுழைவு என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது.

மூடிவிட்டு மறுபடி பிரித்தாள். ஒன்றுதான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரார் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். விழுந்த ஆனைக்குத்தானே தெரியும் இடுப்பு வலி? பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பவுன் அழுதாள். வெட்கத்தில் அழுதாள், ஆத்திரத்தில் அழுதாள். எல்லாவற்றையும்விட, அந்த எட்டு நாள் கையை விட்டுப் போயிற்றே என்று அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதும் போன் அடித்தது. கண்ணைத் துடைத்து எடுத்தாள்.

மறுபடி விண்ணப்பிக்கத் தேதி கேட்டதில் ஜூலைக் கடைசிதான் கிடைத்தது. கப்பல் ஏழாம் தேதி. வைஷு காலில் விழாத குறையாக அழுதாள். "நான் பார்த்திருக்கணும்க்கா. உங்க பேரைப் பார்த்ததும் மூடிட்டேன்க்கா."

"விடு. நானே பார்க்கலியே," என்றாள் பவுன்.

ஆப்தே நல்ல மனிதர், கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஐந்து வருஷ விசா வைத்திருக்கும் தன் மருமகனை அனுப்புவதாகச் சொன்னார். "போகட்டும் தாயி. அப்ப நீங்க ஏழாம் தேதி இங்கதானே இருப்பீங்க? ஆகஸ்ட் ஜப்பான் குரூப்பை ஆரம்பிச்சிடலாம்."

பவுன் எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள்.

"லீவு சாங்ஷன் ஆனது ஆனதுதானே சார்?"

"அது டூருக்காகக் கொடுத்ததாச்சே?"

"எட்டு நாள் நான் வரமாட்டேன். போனும் எடுக்கமாட்டேன்."

"ஏதாவது சந்தேகம் வந்தா?"

"நான் கப்பல்ல இருந்தா என்ன பண்ணுவீங்களோ, அதையே பண்ணுங்க."

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த அறையில் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆப்தே தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் இருதயராஜிடம் சொன்னாள். அவர் பம்பை வாயில் வைத்து ஒரு தடவை உறிஞ்சினார். பிறகு மெல்லக் கேட்டார். "எனக்காகத்தான் வேணும்னே அப்படிப் போட்டியா பவுனு?"

ஆமாம் என்றால் காலத்துக்கும் அவர் கண்ணில் தெய்வமாகிவிடலாம். பவுனுக்கு அதற்கும் தெம்பில்லை. "இல்லீங்க. அசதி. அசந்துபோயித்தான் போட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி, அப்ப தூங்கு. ஊர்ல யாருக்கும் சொல்லவேண்டாம். நீ போயிட்டதாவே இருக்கட்டும்."

ஆறாம் தேதி பவுன் பெட்டியோடும் ஜெர்கினோடும் கிளம்பினாள். சந்தே வந்து நின்றது. நாத்தனார் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். பவுன் பதினாறு பேரையும் மும்பை ஏர்போர்ட் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிவிட்டாள். குல்கர்ணி இரண்டு கையையும் தூக்கி இரண்டு கடிகாரத்தையும் காட்டிக்கொண்டே உள்ளே போனார். மறுநாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், சந்தில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, குடையை மூக்குவரை இறக்கிக்கொண்டு பவுன் தன் வீட்டுக்குள்ளேயே திருடிபோல நுழைந்தாள். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். மகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டால் தொலைத்துவிடுவேன் என்று அப்பா மிரட்டி வைத்திருந்தார்.

தூங்கினாள். எழுந்து இருதயராஜ் வைத்த உப்பில்லாத ரசத்தைக் குடித்தாள், மறுபடி தூங்கினாள். பம்பு எங்கே என்று அவர் கேட்கவில்லை, தானே தேடி எடுத்தார்.

மூன்றாம் நாள் வாசலில் நாத்தனார் குரல் கேட்டது. பவுன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அறைக் கதவைச் சாத்தும் சத்தமும், இருதயராஜ் இல்லாத இருமலை இருமுவதும் கேட்டன.

"சேதி ஏதாவது உண்டாடா தம்பி?"

"சிக்னல் இல்லக்கா."

"என்ன குளிரோ, என்ன கரடியோ. நில்லு, ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போறேன்."

பவுன் பல்லைக் கடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷமாகக் குறை சொன்ன வாய். தன்னைப் பற்றி மாதாவிடம் என்ன கோள் மூட்டப்போகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

"மாதாவே," என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கா. உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிச்சு நான் பார்த்ததில்ல. நானும் போனைப் போட்டுத் தொணதொணன்னுதான் இருந்தேன், என்னை மன்னிச்சிரு தாயே. கரடி, பனி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அங்கயாவது அவளைக் கொஞ்சம் படுக்க விடு."

போர்வைக்குள் பவுன் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. எழுந்து ஓடி, நாத்தனார் கையைப் பிடித்து, இங்கேதான் இருக்கிறேன் அக்கா என்று சொல்லிவிடத் துடித்தாள். உடம்பு எழுந்திருக்கவில்லை.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இருதயராஜ் உள்ளே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. கேட்டியா?"

"ம்."

"கூப்பிடவா? தெருமுனை தாண்டியிருக்கமாட்டாங்க."

பவுன் யோசித்தாள். "இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"அஞ்சு."

"கரைக்கு வந்ததும் முதல் போன் அவங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.