நாற்பத்தோராம் நாள் டீ

மெடிக்கல் கடையில் இப்போது ஞாபக சக்திக்கென்றே மாத்திரை டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். காலையில் ஒரு மாத்திரை, மதியம் ஒரு மாத்திரை, நடுவில் நாலு தரம் காபி. அவள் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. உள்ளே போட்டது தங்குமா, கேட்கிற நேரத்துக்கு வாய்க்கு வருமா என்கிற பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நானும் தின்று பார்த்தவள்தான்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். நடவு, களை என்று கூப்பிட்ட வேலைக்குப் போவேன். வேலை இல்லாத நாளில் வாய்க்கால் ஓரமாக வல்லாரை பறிப்பேன். அதைக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் நாட்டு மருந்துக் கடை பாயிடம் போடுவேன். பரீட்சை மாதம் வந்தால் பாய் இன்னும் ஒரு கூடை கேட்பார். பிள்ளைகளுக்கு நிறைய மார்க் வரவேண்டும் என்று அம்மாக்கள் வந்து நிற்பார்கள். கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளின் ஞாபக சக்தி என் கூடையில்தான் போயிற்று. எனக்கோ என் பேரை எழுதத் தெரியாது.

அப்போது எங்கள் ஊருக்குப் பால்வாடி வந்தது. அதில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமைத்துப் போடுகிற ஆயா வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தமிழ் படிக்கத் தெரியவேண்டும், கள்ளக்குறிச்சியில் அதிகாரி முன்னால் படித்துக் காட்டவேண்டும். குனிந்து குனிந்து நட்டு என் இடுப்பு போய்விட்டிருந்தது. அதைவிட, வேறு ஊர்க்காரி ஒருத்தி வந்து எங்கள் தெருப் பிள்ளைகளை அதட்டுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? அந்த வேலை எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் தெரிகிற எழுத்து காலையில் எழுந்தால் தெரியாது. பாயிடம் போய், வெட்கத்தை விட்டு, எனக்கே மருந்து கேட்டேன்.

பாய் சிரிக்கவில்லை. நான் கொடுத்த வல்லாரையையே நிழலில் காயவைத்து இடித்த பொடியை எனக்குப் பொட்டலம் கட்டினார். "ஒரு மண்டலம் சாப்டும்மா. நாப்பத்தெட்டு நாள். தேன்ல கொழைச்சி, காலைல வெறும் வயித்துல. புளிய கம்மி பண்ணு, காரத்த கம்மி பண்ணு. நடுவுல வுட்டுடாத."

அவர் கம்மி பண்ணு என்றதை நான் அடியோடு விட்டேன். எங்கள் பக்கத்தில் பத்தியம் என்றால் அப்படித்தான். உடம்பு எதற்கு ஆசைப்படுகிறதோ அதை விட்டால்தான் மருந்து பிடிக்கும் என்போம். புளி போயிற்று, கருவாடு போயிற்று, கத்தரிக்காய் போயிற்று. வெற்றிலை புகையிலை போயிற்று. டீயும் போயிற்று. டீ மருந்தை முறித்துவிடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். பன்னிரண்டு வயதில் நடவுக்குப் போன நாளிலிருந்து ஒரு நாளைக்கு நாலு டீ குடித்தவள் நான். வரப்பில் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து ஊற்றுவார்களே, கறுப்பாக, வெல்லம் போட்டு, அந்த டீ.

மூன்றாம் நாள் தலைவலி பிடித்தது. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களை எடுத்தேன். வகுப்பில் போய் உட்கார்ந்தால் கண்ணை இழுத்துக்கொண்டு தூக்கம். தெரிந்த எழுத்துகூடத் தள்ளித் தள்ளிப் போயிற்று.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மருந்து சாப்ட்டா புத்தி வரும்னாங்க. உனுக்கு இருந்ததும் கெளம்பிப் போய்க்கினு இருக்குது போல."

"மருந்து வேல செய்யும்போது அப்டித்தான் இருக்கும். உனுக்கு இன்னா தெரியும்?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாது. நேத்து கொழம்புல உப்பு ரெண்டு வாட்டி போட்டியே, அது மட்டும் தெரியும்."

பொடி போதவில்லை என்று நினைத்தேன். ஒரு கரண்டியை இரண்டாக்கினேன். தூக்கம்தான் ஜாஸ்தியானது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் போய், படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். எத்தனாவது படிக்கிற பிள்ளைக்கு என்றார் கடைக்காரர். "பத்தாவது. எம் பொண்ணுக்கு" என்று சொல்லி வாங்கினேன். எனக்குப் பெண்ணே கிடையாது. அந்த மாத்திரையையும் பத்தியம் குறையாமல் சாப்பிட்டேன்.

அதிகாரி வரச்சொன்ன நாள் எனக்கு மண்டலத்தில் நாற்பத்தோராம் நாள். முதல் பஸ்ஸிலேயே கள்ளக்குறிச்சி போய் இறங்கிவிட்டேன். தலை இடித்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெரிதாக எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அழுகிற வழக்கம் எனக்கில்லை, அதனால் பாய் கடைக்கு நடந்தேன்.

பாய் அப்போதுதான் கடை திறக்கக் கதவுப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இது, மூஞ்சியெல்லாம் உப்பிப் போயி? ஒடம்புக்கு இன்னா?"

"தலைவலி பாய். நாப்பது நாளா."

"நாப்பது நாளா? டீ குட்ச்சியா?"

"பத்தியத்துல எப்டி பாய் குடிப்பேன்?"

பாய் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டார். "டீய வுடச் சொல்லி எவன் சொன்னான்? நா புளியதானம்மா சொன்னேன்! அதையும் கம்மி பண்ணுன்னுதான சொன்னேன்! நாலு டீ குடிக்கிறவ ஒரே நாள்ல நிறுத்துனா தல வெடிக்காம இன்னா செய்யும்?" எதிர்க் கடையைப் பார்த்து, "ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று கத்தினார்.

கிளாஸ் வந்தது. நான் தொடவில்லை. இன்னும் ஏழு நாள்தான் பாக்கி. இதைக் குடித்தால் மண்டலம் உடைந்துவிடும். உடைந்தால் அதுவரை சாப்பிட்டதெல்லாம் வீண், தலையில் ஏறின படிப்பும் இறங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. குடிக்காவிட்டால் சுவரில் பார்த்த அதே கதிதான் அதிகாரி முன்னாலும். டீயில் ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆறிப் போவுதும்மா. பாவம் வந்தா என் தலைல வுழட்டும், குடி" என்றார் பாய்.

குடித்தேன். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தேன். கண்ணுக்குப் பின்னால் கட்டியிருந்த கயிறு ஒன்று அவிழ்ந்த மாதிரி இருந்தது.

அலுவலகத்தில் என்னோடு ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. என் முறை வந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார். குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கொடுக்கவேண்டும் என்று ஆரம்பித்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். நெல் நடுகிற மாதிரித்தான், ஒன்றை ஊன்றிவிட்டு அடுத்தது. மெதுவாகத்தான் போனேன். ஆனால் எங்கேயும் நிற்கவில்லை.

"போதும்மா" என்றார் அதிகாரி.

"இன்னும் ரெண்டு வரி இருக்குதுங்க. படிச்சிட்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

வேலை எனக்குத்தான் வந்தது. வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். வல்லாரை மகிமை என்று நாலு பேர் என்னிடமே பொடி கேட்டு வந்தார்கள். பொடி செய்ததா, மாத்திரை செய்ததா, டீயா, மாதக்கணக்கில் சிலேட்டில் தேய்த்த கையா, எனக்குத் தெரியாது. மண்டலம் உடைந்த விஷயம் எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஏழு நாள் பொடி பொட்டலத்திலேயே கிடந்து பூச்சி பிடித்தது.

ஆனால் பயம் போகவில்லை. படித்தது இறங்கிவிடும் என்று மனசில் இருந்ததே. டீ குடித்த மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உப்புப் பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். படிக்க வந்தது. அடுத்த நாளும் பார்த்தேன். பால்வாடியில் வேலை பார்த்த வருஷமெல்லாம், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், சுவரில் ஒட்டியிருக்கிற ஏதாவது ஒன்றைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன்.

இப்போது வேலையெல்லாம் விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் பக்கத்து வீட்டுப் பெண் தூக்கிப் போட்ட மாத்திரை டப்பா. அதில் பொடிப்பொடியாக எழுதியிருந்த தமிழ் முழுவதும் படித்தேன். இன்னும் இறங்கவில்லை.