மாலை போட்ட மொரிஸ் மைனர்

மனைவியின் பிறந்தநாளை மறந்திருக்கிறேன். என் பழைய மொரிஸ் மைனர் காருக்கு ஆயுதபூசையன்று பொட்டு வைக்க ஒருபோதும் மறந்ததில்லை.

சென்ற ஆவணியில் அக்கா மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளையை என் காரில்தான் கொண்டுபோவேன் என்று நின்றேன். கனடாவிலிருந்து வந்த மைத்துனர், "அத்தான், உந்தத் தகரத்தை நம்பி முகூர்த்தத்தை விடப்போறியளோ? வாடகைக்குப் பிடிச்ச வான் நிக்குதெல்லே" என்றார். அந்த வீம்பில் காரின் முகமே தெரியாதபடி தடித்த மல்லிகை மாலையொன்றைக் கட்டினேன்.

மண்டபத்துக்குப் போகும் வழியில், வீடுவாசல் இல்லாத வல்லை வெளியில் கார் ஆவி கக்கி நின்றது. காற்றுப் போகும் வழியை நானே பூவால் அடைத்திருந்தேன், ரேடியேற்றர் கொதித்துவிட்டது.

"மாமா, நேரம் போகுது. வானைக் கூப்பிடட்டோ?" என்றான் மாப்பிள்ளை.

"வேண்டாம்."

மாலையைக் கழற்றினேன். சூடு தணிந்ததும், குடிக்க வைத்திருந்த தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினேன். அப்போதும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டுவேட்டியோடு மாப்பிள்ளையும் பட்டுச்சேலையோடு பின்சீட்டிலிருந்த என் மனைவியும் இறங்கித் தள்ளினார்கள். தாலி கட்டும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம்.

காரை விற்கச் சொல்கிறார்கள். விற்கமாட்டேன், அடுத்த கலியாணத்துக்கும் அதுதான் போகும். இப்போதெல்லாம் மாலையைப் பின்பக்கத்தில்தான் கட்டுகிறேன். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நல்லது. தள்ளுற ஆக்களுக்கு வாசமா இருக்கும்" என்றாள்.