கெட்ட ரத்தம்

எனக்கு வாய் நீளம். அக்காவை நான் சொல்லாத சொல் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்து செராமிக் கம்பெனி ஒன்றில் பீங்கான் பொம்மைகளுக்கு அவள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பொம்மைக்குக் கண் எழுத அவளை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். முதல் பிரசவத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. அதோடு அவள் ஆளே மாறிப்போனாள்.

பால் சுரக்கவில்லை. குழந்தையே இல்லை, பால் எதற்கு என்று விட்டுவிட்டோம். மாதவிலக்கும் வரவில்லை. மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று புருஷன் வீட்டில் வளையல் அடுக்க நாள்கூடப் பார்த்தார்கள். மாதம் ஏறியது, வயிறு ஏறவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்று கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள்.

முகம் உப்பி, குரல் தடித்து, சித்திரை வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் எழுந்திருக்க அரை மணி நேரம்.

"எரும மாடாட்டம் கெடக்குற. ஒடம்பு வளையாம சோறு மட்டும் எறங்குதா?" என்பேன்.

"எழுந்திரிக்கத்தான்டி பாக்குறேன். முடியலையே" என்பாள். பாவி, அதை நான் நம்பவில்லை.

ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். அம்மாவும் நானும் பயந்துபோய் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"கழுத்துல இருக்கிற சுரப்பி மந்தமாயிடுச்சு. அதுக்கு மாத்திரை இருக்குது. ஆனா அத வேல வாங்குற சுரப்பி தலைக்குள்ள இருக்குது. அதுவே கெட்டிருந்தா மொதல்ல வேற மருந்து தரணும். மாத்தித் தந்தா உயிருக்கே ஆபத்து. பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போனா அது கெட்டுப்போவும். அப்பிடி எதுவும் போச்சா?"

"இல்லீங்க, எல்லாருக்கும் போற மாதிரிதான்" என்றாள் அக்கா. அவ்வளவு சட்டென்று அவள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பிரசவத்தன்றைக்கு எங்கள் வீட்டில் பாய் நனைந்து தரையில் ரத்தம் ஓடியது. வண்டி கட்டட்டுமா என்று அப்பா கேட்டார். "கெட்ட ரத்தம், போவட்டும். உள்ள தங்குனாத்தான் ஆபத்து" என்று அம்மாதான் தடுத்தாள். எங்கள் பக்கம் எல்லாரும் நம்பியது அதைத்தான்.

"அக்கா பொய் சொல்லுதுங்க" என்றேன். "பாயி நனஞ்சு ஓடுச்சு. நெனவில்லாம கெடந்துச்சு. நாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவல."

டாக்டர் முதலில் தர வேண்டிய அந்த வேறு மருந்தையே எழுதினார். அந்த மருந்தில்தான் அக்கா பிழைத்தாள்.

"அன்னிக்கே தூக்கியாந்திருந்தா?" என்று அம்மா கேட்டாள்.

"இது வராம தடுத்திருக்கலாம்மா."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் எவ்வளவு திட்டியும் ஒருநாள்கூடக் கோபப்படாத அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி சொன்ன? அம்மா இனிமே எப்பிடிடி தூங்கும்?"