மாப்பிள்ளை சார் வகுத்த சலவை வியூகம்

லாட்ஜ் பெட்ஷீட் துவைக்கும் தொழிலில் கறை ஒரு பிரச்சினையே இல்லை. யோசனை சொல்ல ஆள் வருவதுதான் பிரச்சினை.

திருவண்ணாமலையில் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜுகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் ஒரு லாண்டரியில் நான் சூப்பர்வைசர். காலையில் வேனில் போய் அழுக்கு மூட்டைகளை வாங்கி வருவோம். பிரித்து, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்போம். பைபாஸ் பக்கம் இன்னொரு லாண்டரி உண்டு. எங்களுக்கு அது ஒன்றுதான் போட்டி. எல்லாம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கள் முதலாளி தணிகாசலத்தின் மாப்பிள்ளை, சென்னையில் பார்த்த பெரிய வேலையை விட்டுவிட்டு, மாமாவின் தொழிலைத் தூக்கி நிறுத்த வந்து சேர்ந்தார். கூடவே ஒரு வெள்ளைப் பலகையும் வந்தது. உங்கள் ஆபீசிலும் அப்படி ஒருவர் பலகையோடு வந்து இறங்கியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் சொந்தக்காரர்கள்.

வேகம்

முதல் கூட்டத்தில் மாப்பிள்ளை சார் பலகையில் நாலு கட்டம் போட்டார். விலை, தரம், வேகம், வளைந்து கொடுத்தல். "போட்டிக்காரனை எதுல அடிக்கப் போறோம்? ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். முதலாளி, "நாலுலயும் அடிச்சா என்னா மாப்ள?" என்று கேட்டார். அப்படிக் கேட்கக் கூடாதாம். எல்லாவற்றிலும் நல்லவனாக இருக்க நினைப்பவன் எதிலும் ஜெயிக்க மாட்டானாம். கடைசியில் வேகம் என்று அவரே முடிவு பண்ணினார். போட்டிக்காரர்கள் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் காலையில் வாங்கி மூன்று மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கொடுத்தோம். ஆனால் இருக்கிற ஒரு டிரையரில் அத்தனையும் காயாது. மொட்டைமாடிக் கொடியிலிருந்து பாதி ஈரத்தோடு உருவி, அதன் மேலேயே இஸ்திரி போட்டு அனுப்பினோம். எங்களுடைய பழைய வாடிக்கையாளரான ஒரு லாட்ஜின் மேனேஜர் குருமூர்த்தி, மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சீக்கிரம் வந்துட்டீங்க, சந்தோஷம். நாளையிலேர்ந்து கூடவே கொஞ்சம் வெயிலும் குடுத்தனுப்பிடுங்க."

தூங்கும் துணி

எங்கள் கிடங்கில் நாலு அலமாரி நிறைய உபரி பெட்ஷீட் வைத்திருந்தோம். கூட்டம் ஜாஸ்தியாகி லாட்ஜுகளில் துணி கம்மியானால் அங்கிருந்து எடுத்துக் கொடுப்போம். மாப்பிள்ளை சார் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "இதெல்லாம் தூங்கற சரக்கு சார். தேவைப்படற நேரத்துக்கு, தேவைப்படற அளவு. அதான் இன்னிக்கு உலகம்" என்றார். "பௌர்ணமின்னு ஒண்ணு வரும் சார்" என்றேன். "அதைக் கணக்குல எடுத்தாச்சு" என்றார். அந்த வாரமே அலமாரிகள் காலி.

பௌர்ணமி வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். கிரிவலம் முடித்தவர்கள் காலையில் லாட்ஜுகளுக்குத் திரும்பியபோது, அறைகளில் வெறும் மெத்தை. பழைய துணி மெஷினில், மாற்றுத் துணி யாருக்கோ விற்றாயிற்று. குருமூர்த்தி போன் மேல் போன் போட்டார். நான் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினேன். வரவேற்பறையில், நெல்லூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், வெறுங்காலோடு நடந்து வெந்துபோன பாதங்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. கொச்சைத் தமிழில் கேட்டார்: "நான் பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்துட்டேன் பாபு. உங்க துப்பட்டி ரெண்டு தெரு வரலையா?"

நாகம்மா

எங்களிடம் துணி பிரிக்கும் வேலையில் இருந்தவர் நாகம்மா. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருவார். மூட்டையை அவிழ்த்ததும் ஓரத் தையலைப் பார்த்தே எந்த லாட்ஜ் துணி என்று சொல்லிவிடுவார். இது நெய், இது குங்குமம், இது காவி வேட்டிச் சாயம் என்று தனித்தனியாக ஒதுக்குவார். மாப்பிள்ளை சார் ஒருநாள் செல்போனில் நேரம் ஓடவிட்டு அவர் பின்னாலேயே நின்றார். ஒவ்வொரு துணியையும் இந்த அம்மா நின்று 'பார்ப்பதால்தான்' தாமதமாகிறது என்று கண்டுபிடித்தார். இனி எல்லாத் துணியிலும் பார்கோடு ஸ்டிக்கர். ஸ்கேனர் படிக்கும், யாரும் பார்க்க வேண்டாம்.

நாகம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் சொன்னேன். பத்து வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவரிடம், பலகையில் எழுதியிருந்த வார்த்தைகளையே ஒப்பித்தேன். சீரமைப்பு, எதிர்காலம் என்று என்னென்னவோ. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; என் வேலையும் போய்விடுமோ என்ற பயம். அவர் அழவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "சரிங்க சார். குங்குமக் கறையைச் சுடுதண்ணில போடாதேன்னு மட்டும் அந்த மெஷின்கிட்ட சொல்லிடுங்க."

காவி

ஸ்டிக்கர் முதல் வெந்நீரிலேயே உரிந்து, மெஷினின் வடிகட்டியில் போய் அடைத்துக்கொண்டது. எந்தத் துணி யாருடையது என்பது அண்ணாமலையாருக்கே வெளிச்சம். மூன்றாம் நாள், குருமூர்த்தி லாட்ஜின் வெள்ளை பெட்ஷீட்டுகளோடு யாரோ ஒரு சாமியாரின் புதுக் காவி வேட்டியும் உள்ளே போய்விட்டது. வெளியே வந்தபோது அத்தனையும் ஒரே இளங்காவி.

மாப்பிள்ளை சார் அசரவில்லை. "இந்த ஊருக்கு இந்தக் கலர்தான் சார் பொருத்தம். ஆன்மிக ஸ்பெஷல்னு குடுத்துப் பாருங்க" என்று என்னையே அனுப்பினார். குருமூர்த்தி ஒரு விரிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்புறம் சொன்னார்: "எங்க பார்ட்டிங்க இன்னிக்குத்தான் சார் புள்ளைகுட்டியோட வந்து எறங்கினாங்க. அதுக்குள்ள சந்நியாசம் குடுத்துட்டீங்களே."

எதிரி முகாம்

மறுநாளே குருமூர்த்தி பைபாஸ் லாண்டரிக்குப் போய்விட்டார். பின்னாலேயே இன்னும் மூன்று லாட்ஜ். அந்த லாண்டரியின் வியூகத்தைக் கண்டுபிடித்து வரும்படி எனக்கு உத்தரவு.

போனேன். அங்கே பலகை கிலகை எதுவும் இல்லை. அலமாரி நிறைய உபரித் துணி. என் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்த துணிதான். எங்கள் கிடங்கிலிருந்து போனது. பிரிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நாகம்மா. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், டீ சாப்பிடறீங்களா?" என்றார். கோபமாக ஏதாவது கேட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த லாண்டரியை நடத்தும் அம்மாள் லாட்ஜ் லாட்ஜாகப் போன் போட்டு, அடுத்த பௌர்ணமிக்கு எத்தனை அறை நிரம்பியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டு, எப்படி எங்களை முந்தினீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். பேனாவை வைக்காமலே பதில் சொன்னார்: "பெரிசா ஒண்ணும் இல்லைங்க. நீங்க எதெதை வேணாம்னு விட்டீங்களோ, அதையெல்லாம் நாங்க எடுத்துக்கிட்டோம்."

புதிய கட்டம்

இதை அப்படியே வந்து சொன்னேன். நாகம்மாவைத் திரும்பக் கூப்பிடலாம் என்றும் முதல் தடவையாக வாய்திறந்து சொன்னேன். மாப்பிள்ளை சார் பலகையைத் துடைத்தார். புதுக் கட்டம் போட்டார். துவைப்பது நம்முடைய பலம் இல்லையாம்; வாங்குவதும் கொடுப்பதும்தான் பலமாம். அதனால் நம் கையில் மிஞ்சியிருக்கும் லாட்ஜ் துணிகளை இனி பைபாஸ் லாண்டரியிலேயே கொடுத்துத் துவைத்து வாங்கிக்கொள்ளலாமாம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓடாமல் நிற்கும் மெஷின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அப்ப நாம யாருங்க மாப்ள, அவங்களுக்கு வேன் டிரைவரா?"

எங்கள் லாண்டரியில் இப்போது சுத்தமாக இருப்பது அந்த வெள்ளைப் பலகை ஒன்றுதான், அதையும் தினமும் துடைப்பது நான்தான்.