எருமைக்கு என்ன நிறம்

கலியாணமான மறுவருடம் கனகராயன்குளத்துக்கு வந்தோம். என் கணவர் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். அவரோடு படித்த நண்பர் ஒருவர் லண்டனுக்குக் கப்பலேறும்போது, தன் எண்ணெய் வர்ணப் பெட்டியையும் ஒரு படப் புத்தகத்தையும் எங்களிடம் விட்டுப் போயிருந்தார். போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களைப் பற்றிய புத்தகம். அதில் வயல்கள் செம்மஞ்சளாகவும் மரங்கள் ஊதாவாகவும் இருந்தன. பாணுக்குப் பட்டர் பூசுவதுபோல வர்ணத்தை அப்பியிருந்தார்கள். பார்த்தவுடனேயே எனக்குக் கை துறுதுறுத்தது. என் கணவருக்கும் அப்படித்தான் என்பது அன்றுதான் தெரிந்தது.

கோதுமை மாச் சாக்கை வெட்டிச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வெள்ளைப் பெயின்ற் பூசிக் காயவைத்தோம். குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து தெரிந்த ஊரை, குளக்கட்டும் வயலும் குடிசைகளுமாக, வரைவதென்று முடிவாயிற்று. இருந்தது ஒரே ஒரு துணி. அதனால் மேல்பாதி அவருக்கு, கீழ்ப்பாதி எனக்கு.

அவர் அடிமட்டம் வைத்து நேர்கோடாகக் குளக்கட்டைக் கீறினார்.

"இது படமோ, பிளானோ?" என்றேன்.

"கட்டு நேராய்த்தானே கிடக்கு. வளைச்சுக் கீறினா என்ர வேலை போயிடும்."

அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நான் எல்லா வர்ணத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டேன். என் வயல் முழுதும் சேற்று நிறம். இருவரும் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினோம். அந்த ஓவியர்கள் குழைக்கவில்லை. மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் நீலம் என்று தனித்தனிக் கோடுகளாக இழுத்திருந்தார்கள். சேற்றைக் கத்தியால் வழித்துவிட்டு அப்படியே இழுத்தேன். எட்ட நின்று பார்த்தபோது நெற்பயிர் காற்றில் அசைவதுபோல இருந்தது.

சண்டை வந்தது எருமைகளால். கட்டுக்கும் வயலுக்கும் நடுவில் பக்கத்து வீட்டு எருமைகள் மேய்ந்தன. அவை யாருடைய பாதியிலும் அடங்கவில்லை.

"எருமை எண்டா கறுப்பு," என்றார் அவர்.

"வெயிலுக்க வடிவாப் பாருங்கோ. முதுகு நீலமடிக்குது."

"உமக்குக் கண்ணில ஏதோ கோளாறு."

அன்று முழுக்க அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது. பின்னேரம் எருமைகளின் சொந்தக்காரி வந்தார். றோட்டுக்கரையில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தவர். அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவரிடம் வழக்கைச் சொன்னோம்.

"என்ன நிறமெண்டாலும் அடியுங்க. கறுப்பா நான் நெடுகவும் பாக்கிறன்தானே," என்றார் ராத்தா. "ஆனா பக்கத்தில என்னையும் போடுங்க. சிவப்புச் சீலையோட."

"நீங்கள் உடுத்திருக்கிறது பச்சையல்லோ?"

"எருமை நீலமாகலாமெண்டா எனக்குச் சிவப்பு ஆகாதோ?"

முதலில் சிரித்தது என் கணவர்தான். பிறகு பிறஷை நீலத்தில் தோய்த்து எருமையின் முதுகை அவரே போட்டார். அடிமட்டம் இல்லாமல் கோடு வளைந்தது. அந்த வளைவில்தான் எருமைக்கு உயிர் வந்தது. நான் சிவப்பைக் குழாயிலிருந்து நேரே பிதுக்கி ராத்தாவை நிறுத்தினேன்.

மாரிக் குளிரில் படம் லேசில் காயவில்லை. விட்டில்கள் வந்து ஒட்டின. தையலூசியால் கிளப்பி எடுத்தேன். கடைசியில் முன்னறையில் மாட்டியதும் ராத்தா தன் மகள்மாரைக் கூட்டிவந்து காட்டினார்.

"உம்மாக்கு முகமே இல்லையே!" என்றாள் மூத்தவள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராத்தா படத்துக்குக் கிட்டப் போய் அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

"அது நல்லதாப் போச்சு," என்றார். "வயசு தெரியாது."